மேசைக்கு அந்தப் பக்கம்

வரி ஆலோசகர் என் ஒப்பந்தத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இப்படிப் பிரித்து வாங்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

"என் தம்பி," என்றேன்.

யூட் என் கூடப் பிறந்த தம்பி இல்லை. 1986இல் பீலெஃபெல்ட் அகதி விடுதியில் எங்களுக்கு அடுத்த அறை அவன் குடும்பத்துடையது. எனக்குப் பதினொரு வயது, அவனுக்கு ஒன்பது. பெரியவர்களுக்கு ஜேர்மன் வராது. எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் நாங்கள் இரண்டு பேரும்தான் மொழிபெயர்ப்பு. அதிகாரிக்கு வேண்டியதை ஜேர்மனில் சொல்வோம். "அப்பா, அதைச் சொல்லாதேங்கோ, கேஸ் பிழைச்சுப் போகும்" என்பதைத் தமிழில் சொல்வோம். அதிகாரி, பிள்ளைகள் நன்றாக மொழிபெயர்க்கிறார்கள் என்று தலையாட்டிக்கொண்டிருப்பார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனோடு ஜேர்மன், இந்தப் பக்கம் இருப்பவனோடு தமிழ். ஐம்பத்தொரு வயதாகியும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. நான் விட்ட பிழையும் அதுதான்.

அலுமாரி போன்ற தளபாடங்களுக்குக் கதவுப் பிணைச்சல், இழுப்பறைத் தண்டவாளம் எல்லாம் செய்யும் நிறுவனம் எங்களுடையது. கொள்முதல் பிரிவுக்கு நான் தலைவி. யூட், வேலைக்கு ஆள் எடுப்பதையும் அனுப்புவதையும் பார்க்கிற ஆளணிப் பிரிவுக்குத் தலைவன். பதினாறு வருடத்துக்கு முன் அவனை அங்கே கொண்டுவந்து சேர்த்தவளும் நான்தான். போன வருடம் புதிய முதலாளிகள் நிர்வாகத்தை மியூனிக்குக்குக் கொண்டுபோக முடிவெடுத்தார்கள். பிரிவுத் தலைவர்கள் ஐந்து பேருக்கும் அப்ஃபிண்டுங், அதாவது வேலையை விட்டுப் போவதற்கான இழப்பீடு. எனக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம் யூரோ. இந்த வயதில் அடுத்த வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆகுமோ, அதுவரை மூச்சு விட அந்தக் காசுதான்.

ஒக்டோபரில் கையெழுத்து. இயக்குநர், யூட், நான் என்று மூன்று பேர் இருந்தோம். பாதி டிசம்பரில், பாதி சனவரியில் என்று தாளில் இருந்தது. ஏன் இரண்டாக என்று ஜேர்மனில் கேட்டேன். இயக்குநர் வாயைத் திறப்பதற்கு முன் யூட் தமிழில் குறுக்கிட்டான்.

"அக்கா, இது உங்களுக்குத்தான் நல்லது. ரெண்டு வருசத்துக்குப் பிரிஞ்சா வரி குறையும். இந்தாளுக்கு முன்னால ஒண்டும் கேளாதேங்கோ. கையெழுத்தை வையுங்கோ."

வைத்தேன். மூன்று இடத்தில் விலை கேட்காமல் ஒரு திருகாணிகூட வாங்காதவள் நான். நாலு தமிழ் வசனத்துக்குக் கையெழுத்து வைத்தேன்.

காசு வந்தபோது வரி கடுமையாகத்தான் வெட்டியிருந்தார்கள். நான் பதறவில்லை. இழப்பீட்டுக்கு ஒரு வரிச் சலுகை உண்டு, முன்பு போல நிறுவனம் அதைக் கவனிக்காது, இப்போது நாமே வரிப் படிவத்தில் கேட்க வேண்டும் என்று தெரியும். அதைக் கேட்கத்தான் ஆலோசகரிடம் போனேன்.

"தொகையில் ஐந்தில் ஒரு பங்கை வருமானத்தோடு கூட்டி, அதனால் ஏறும் வரியை ஐந்தால் பெருக்குவார்கள். வரி நன்றாக இறங்கும்," என்றார் அவர். "ஆனால் முழுத் தொகையும் ஒரே வருடத்தில் வர வேண்டும். உங்களுக்குப் பாதி பாதியாக வந்ததால் இரண்டு பாதிக்கும் சலுகை இல்லை. வேலையில்லாத இந்த வருடத்தில், சனவரியில் மொத்தமாக வந்திருந்தால் குறைந்தது பதினையாயிரம் மிஞ்சியிருக்கும்."

"இனி மாற்ற ஏலாதா?"

"காசு கைக்கு வந்துவிட்டதே."

ட்ராமில் வரும் வழியெல்லாம் நான் மனதுக்குள் யூட்டுக்காக வாதாடினேன். ஆளணிக்காரனுக்கு வரியைப் பற்றி என்ன தெரியும்? யாரோ சொன்னதைக் கேட்டு நல்லது என்று நினைத்துச் சொல்லியிருப்பான். தம்பி மடையனாக இருக்கட்டும், கள்ளனாக மட்டும் இருக்க வேண்டாம் என்று முருகனைக் கும்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து, வழக்கம்போலத் தேத்தண்ணியோடு கடிக்க ரோல்ஸ் பெட்டியோடு வந்தான். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவன் பாதி குடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"யூட், நீயும் வேலையை விட்டனிதானே. உன்ரை காசு எப்பிடி வந்தது?"

"ஏனக்கா இப்ப அது?"

"ஒரே முறையிலயா, ரெண்டு முறையிலயா?"

கோப்பையைக் கீழே வைத்தான். "ஒரே முறை. சனவரியில."

"அப்ப உனக்குத் தெரியும்."

"கோவிக்காதேங்கோ அக்கா. போன வருசத்துப் பட்ஜெட்டில கொஞ்சக் காசை முடிச்சுக் காட்ட வேண்டியிருந்தது. அஞ்சு பேரில ஒராள் பாதியை டிசம்பரில எடுக்க வேணும் எண்டு மேலிடத்தில பிடிவாதமா நிண்டவை. ஆரையும் சம்மதிக்க வைக்காட்டி என்ரை தொகையில கை வைப்பம் எண்டவை."

"அதுக்கு நானே கிடைச்சனான்?"

"மற்றவை எல்லாரும் வக்கீலோட வந்தவை. நீங்கள் மட்டும்தான் என்னை நம்பி வந்தனீங்கள்."

மறைக்காமல் சொன்னான். அதுதான் என்னை எரித்தது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். இவன் கிள்ளிவிட்டு, ஐந்து மாதமாக ஞாயிறுதோறும் ரோல்ஸ் கொண்டுவந்து தொட்டிலை ஆட்டியிருக்கிறான். நானும் சுகமாக ஆடியிருக்கிறேன். பதினையாயிரத்தை எங்கேயாவது வேலை செய்து உழைத்துவிடலாம். அப்பாவின் காதில் நாங்கள் இரகசியம் சொன்ன மொழியை எடுத்தல்லவா என் கழுத்தை அறுத்திருக்கிறான்.

"அக்கா, வரியில போனதில பாதியை நான் தாறன்," என்றான்.

அதிலும் பாதி. நான் எழுந்து ரோல்ஸ் பெட்டியை மூடினேன். அதை அவன் கையில் கொடுத்துவிட்டு, கந்தோரில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற மரியாதை ஜேர்மனில், வந்ததற்கு நன்றி, இனி வர வேண்டாம் என்றேன்.

அவன் பெட்டியைத் திரும்ப மேசையில் வைத்தான். "அக்கா, என்னோட ஏன் ஜேர்மனில கதைக்கிறியள்?"

வாசல் கதவைத் திறந்து பிடித்தேன். அதற்கும் ஜேர்மனிலேயே பதில் சொன்னேன்.

"நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள்."