நாய்ப் பியர் நுரை அடங்காத ஆறு கிழமை

டன்வொர்த் பியர் ஆலையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வெளியான செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணியிலிருந்து, மேற்கு சிட்னியில் ஊற்றப்பட்ட எந்த டன்வொர்த் கிளாசிலும் நுரை அடங்கவில்லை. இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பிய நுரை அப்படியே நின்றது. குடிக்கக் குடிக்க பியர் குறைந்தது. நுரை மட்டும் கிளாசின் அடிவரைக்கும் இறங்கி வந்து, அங்கேயும் அதே இரண்டு விரல் உயரத்தில் குந்திக்கொண்டது. பரமட்டாவில் ஒரு பப்பில் அறுபது கிளாசை மெஷினில் போட்டுக் கழுவினார்கள். அறுபதும் வெள்ளைத் தொப்பியோடு வெளியே வந்தன. புதன்கிழமை சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து பார்த்துவிட்டு, பியர் பியராகத்தான் இருக்கிறது, குடிக்கத் தடையில்லை என்று ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கிழமை தக்காளி கிலோ ஒன்பது டொலருக்குப் போயிருந்ததால் சனத்துக்கு அதைப் பற்றிக் கதைக்கவே நேரம் சரியாக இருந்தது.

டன்வொர்த் ஆலை ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதில் செங்கல்லால் கட்டப்பட்டது. போத்தல் லேபிளில் ஒரு நாய் சுருண்டு தூங்கும். அதனால் நம்முடைய தமிழ் ஆட்கள் அதற்கு நாய்ப் பியர் என்று பெயர் வைத்து, தாங்கள் குடியிருக்கும் பென்டில் ஹில் முழுக்க அந்தப் பெயரையே நிலைக்கச் செய்துவிட்டார்கள். எங்கேயோ தூரதேசத்துக் கம்பனி ஒன்று ஆலையை வாங்கி, நாலு வருடம் சும்மா வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டினால் வடிவாக இருக்கும் என்று முடிவெடுத்தது. ஆறு வாரத் தவணை கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஆலையின் வாசல் படலைக்கு முன்னால் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை. ஓய்வுபெற்ற ரயில் டிரைவர்கள், நேர்ஸ்மார், கூரை போடுகிறவர்கள், தகப்பனோடு முதல் பியரை அந்தப் பெயரில் குடித்தவர்கள், அதே பியரைக் குழியில் ஊற்றித் தகப்பனை அடக்கம் செய்தவர்கள். ஆளுக்கொரு கிளாஸ் கையில், கிளாசில் அடங்காத நுரை. முன்வரிசையில் எப்போதும் கிளென் என்ற பிளம்பர் நிற்பார். அவருடைய முழங்கையில் அந்தத் தூங்கும் நாயைப் பச்சை குத்தியிருந்தது. கிளென்னை ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டால், போகிற வீட்டுக்காரரெல்லாம் இங்கேதானே நிற்கிறார்கள் என்பார். அதுவும் நியாயம்தான்.

உள்ளே ஈஸ்ட் பார்க்கிற வேலை ஆனந்தராஜாவுடையது. பியரைப் புளிக்கவைக்கிற அந்த உயிரை ஆலை தொடங்கிய நாளிலிருந்து சாகவிடாமல், ஒரு தொட்டியிலிருந்து அள்ளி மறு தொட்டிக்கு விட்டு, நூற்று முப்பத்தைந்து வருடமாக வளர்த்து வந்தார்கள். ஆனந்தராஜா படகில் வந்தவர். தற்காலிக விசாவில் தரை கழுவச் சேர்ந்து, ஈஸ்ட் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தன்பாட்டில் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தபோது தொட்டி கதை கேட்பதைத் தலைமை பிரூவர் கெரி கண்டுபிடித்து, அன்றைக்கே அவரை அந்த அறைக்கு மாற்றிவிட்டார். ஆனந்தராஜா ஒரு சொட்டுப் பியர் குடித்ததில்லை. ஆனாலும் பதினொரு வருடம், ஒவ்வொரு நாளும் மாலை நாலு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு தொட்டியைப் பார்த்து “போட்டு வாறன்” என்பார், போய்விட்டு வருகிறேன் என்று. நுரைக்கு நடுவில் ஒரு பெரிய குமிழி எழும்பி உடையும். அதுதான் அதனுடைய ஓம், அதனுடைய சரி. ஒருமுறை அவர் காய்ச்சலில் ஒரு கிழமை படுத்திருக்க, ஈஸ்ட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. கெரி அவருக்குப் போன் எடுத்து, போனைத் தொட்டிக்கு மேலே பிடித்து, சொல்லு மேட் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆனந்தராஜா ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலையில், அவருடைய அக்காவின் வீட்டுப் படலையில் நின்று இதே சொல்லைத்தான் சொன்னார். படகைப் பற்றிச் சொல்லவில்லை; சந்தைக்குப் போகிறவர் மாதிரிப் போட்டு வாறன் என்றார். அன்றிலிருந்து அந்தப் படலை சாத்துப்படவில்லை. தச்சர் மூன்று பேர் வந்து சீவிப் பார்த்தார்கள், பிணைச்சல் மாற்றினார்கள், கடைசியில் புதுப் படலையே போட்டார்கள். அதுவும் ஒரு முழம் திறந்தபடியே நின்றுவிட்டது. ஆட்டுக்குட்டி உள்ளே வராமல் அக்கா ஒரு கல்லை வைத்தார். இங்கே அவருடைய விசா அப்படி. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. பன்னிரண்டு வருடம். போனில் அக்காவோடு கதைத்து முடிக்கும்போதெல்லாம் “வைக்கிறன்” என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவருடைய மனசுக்குள் அந்தப் படலை இடித்துக்கொண்டே இருந்தது, பாவம்.

ஆகவே கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ளலாம். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் ஈஸ்ட் முழுவதையும் கழிவுக் கானுக்குள் கழுவி விடும்படி கம்பனி கட்டளை அனுப்பியிருந்தது. கெரி, பிள்ளை ஒன்றைப் பிரிவதுபோல, மூக்கைச் சீறிக்கொண்டு வெளியே போனார். ஆனந்தராஜா கையைக் கழுவினார். தொட்டியைப் பார்த்தார். திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே வாறன் என்று இன்னொருதரம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒருதரம் சொன்ன பொய்யே போதும் என்று நினைத்தார். “நான் போறன்” என்றார்.

குமிழி எழும்பவில்லை. நாலு மணி ஒரு நிமிடத்துக்கு மேற்கு சிட்னியில் ஆறு கிழமையாக நின்ற நுரை முழுவதும் ஒரே நேரத்தில் விழுந்தது. படலைக்கு முன்னால் நின்றவர்களின் கிளாசுகளில் மஞ்சள் தண்ணீர் மட்டும் மிஞ்சியது. கிளென் தன் கிளாசைக் குலுக்கிப் பார்த்தார், இன்னொருதரம் குலுக்கினார், பிறகு அந்தப் பெரிய மனிதர் நடைபாதையில் குந்தி அழுதார்.

விஷயம் வீட்டில் பிடிபட்டது சனிக்கிழமை காலை, அப்பச் சட்டியில். ஆனந்தராஜாவின் மனைவி திரேசா, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்; வாயும் கையும் ஒரே வேகம். இந்த ஊரில் அப்ப மாவுக்குக் கள்ளுக்கு எங்கே போவது? கலியாணம் கட்டிய வருடம் கெரி சந்தோசமாக ஒரு போத்தல் ஈஸ்ட் கொடுத்துவிட, திரேசா அதை மாவில் விட்டு, ஒவ்வொரு சனியும் ஒரு கோப்பை பழைய மாவை எடுத்து வைத்து, அடுத்த மாவில் கலந்து, விடாமல் நடத்தி வந்தார். கரை முறுகி நடுவில் பஞ்சுபோல வருகிற அந்த அப்பத்துக்குப் பென்டில் ஹில்லில் பெயர் இருந்தது. அன்றைக்கு மா பொங்கவில்லை. ஊற்றிய அப்பம் சட்டியில் செருப்புத்தோல் மாதிரிக் கிடந்தது. திரேசா அகப்பையோடு குசினியிலிருந்து வெளியே வந்தார்.

“இஞ்சாருங்கோ, நேற்று அங்கை என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?”

“போறன் எண்டு.”

“என்ன எண்டு?”

“போறன் எண்டனான். இனி வரமாட்டன்தானே, திரேசா.”

“ஐயோ, விசர் மனுசா! உயிரோடை இருக்கிறதைப் பாத்து ஆராவது போறன் எண்டு சொல்லுவினமே? செத்தவீட்டிலை எண்டாலும் ஒண்டும் சொல்லாமல்தான் எழும்பி வருவினம். வெளிக்கிடுங்கோ! இந்தச் சேட்டோடையே போங்கோ!”

மத்தியானத்துக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. ரயில் ஏறி ஓடினார்கள். படலைக்கு முன்னால் நானூறு பேர் வெறுங் கிளாசோடு நின்றார்கள். காவலுக்கு நின்றவர் நாகராஜன், திருமங்கலத்துக்காரர். யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அவருக்கு எழுத்தில் உத்தரவு. ஆனந்தராஜா அவரிடம் ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னார். வேறு எந்தக் காவல்காரரிடம் சொல்லியிருந்தாலும் அம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார். நாகராஜனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“போறேன்னா சொன்னீங்க? என்னண்ணே நீங்க, இத்தனை வருஷம் வளர்த்துட்டு! எங்க வீட்டுல அப்படி வாய் தவறிச் சொன்னா, எங்கம்மா வாசல்லேருந்து திரும்பக் கூப்பிட்டு, உக்கார வச்சு, தண்ணி குடுத்து, ஒழுங்கா சொல்ல வச்சுத்தான் அனுப்புவாங்க. போங்க, போயி உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு சரியா சொல்லிட்டு வாங்க. ஏதோ மறந்து வச்சுட்டீங்க, எடுக்க வந்தீங்கன்னு நான் எழுதிக்கறேன்.”

எழுதவும் செய்தார். அந்தப் பதிவேட்டில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

உள்ளே கெரி ஹோஸ் பைப்பைக் கையில் பிடித்தபடி காலையிலிருந்து நின்றிருந்தார், தண்ணீரைத் திறக்காமல். ஈஸ்ட் தொட்டியின் அடியில் சாம்பல் நிறச் சேறாகக் கிடந்தது. திரேசா குழாயில் ஒரு கோப்பை தண்ணீர் பிடித்து வந்தார். ஆனந்தராஜா கவிழ்த்துப்போட்ட வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்து அதைக் குடித்தார். “வந்திட்டன்” என்றார். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பேரும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

ஆனந்தராஜா கோப்பையைக் கீழே வைத்தார். “கோவிக்காதை,” என்றார். “அக்காவுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு இண்டுவரைக்கும் போகேல்லை. அவ படலையைத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறா. உன்னையும் அப்பிடி இருத்திவைக்க எனக்கு மனம் கேக்கேல்லை. அதாலைதான் அப்பிடிச் சொன்னனான். பிழைதான்.” சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். கெரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, அவரும் அழுதார். பிறகு ஆனந்தராஜா எழும்பி, சட்டையை இழுத்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார். “போட்டு வாறன். எப்ப எண்டு தெரியாது. ஆனால் வாறன்.”

ஒரு குமிழி எழும்பி உடைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நானூறு சாட்சிகள் இருக்கிறார்கள். ஈஸ்ட் பொங்கித் தொட்டியைத் தாண்டியது, படிக்கட்டால் இறங்கியது, போத்தல் அடைக்கிற கூடத்தைக் குறுக்கே கடந்து, நாகராஜன் மரியாதையாக விலகி நிற்க, படலையால் வெளியே வந்து நடைபாதையில் நின்றது. யாரும் திருடவில்லை. கம்பனியின் சட்டத்தரணிகள் பிறகு வழக்குப் போட யோசித்தார்கள். தானாக நடந்து தெருவுக்கு வந்த ஒன்றை யார் எடுத்தாலும் குற்றமாகாது என்று அவர்களே கண்டு விட்டுவிட்டார்கள். சனம் ஜாம் போத்தலிலும் எஸ்கி ஐஸ்பெட்டியிலும் அள்ளியது. கிளென் தன் வேலைச் சப்பாத்து இரண்டையும் கழற்றி நிரப்பிக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார். திரேசா தன் அப்ப மாவுக்கு ஒரு கோப்பை எடுத்தார். மத்தியானம் கெரி தண்ணீரைத் திறந்தபோது தொட்டியில் கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

போத்தல் கொண்டுபோனவர்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துப் போட்டு வாறன் சொல்ல வேண்டும். அதற்காகத் திரேசா பென்டில் ஹில் சமூக மண்டபத்தில் மூன்று ஞாயிறு வகுப்பு நடத்தினார். றகரம் அவர்களுக்கு வரவே இல்லை. திரேசா மேசையில் தட்டித் தட்டிப் பார்த்துக் களைத்து, கடைசியில் அது கேட்டுக்கொள்ளும், மனசு இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார். ஈஸ்டும் பெரிதுபடுத்தவில்லை. இப்போது மேற்கு சிட்னியில் முந்நூற்றுக்கு மேற்பட்ட கராஜுகளில் நாய்ப் பியர் காய்ச்சுகிறார்கள். நுரை மற்றப் பியரைப்போல எழும்பி, நேரத்துக்கு அடங்குகிறது. காலையில் வேலைக்குப் போகும்போது பிளம்பர்மாரும் நேர்ஸ்மாரும் ஈஸ்ட் போத்தல் இருக்கும் பிரிட்ஜைத் திறந்து, உள்ளே பார்த்து, போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு, ஒரு குமிழி வரும்வரைக்கும் நின்று, பிறகு மூடுகிறார்கள். கிளென்னின் மனைவிக்கு முதலில் கோபம். தனக்கு இருபது வருடமாக ஒரு குட்பை மட்டும்தான், பிரிட்ஜுக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்டார். இப்போது கிளென் அவருக்கும் சேர்த்துச் சொல்கிறார்.

ஆலை இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. ஆனந்தராஜா பாண் பேக்கரி ஒன்றில் வேலை செய்கிறார். அங்கே மா பொங்குவதில் ஒரு குறையும் இல்லை. விசா அப்படியேதான் இருக்கிறது. ஈஸ்ட் தெருவுக்கு வந்த அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அவர் அக்காவுக்குப் போன் எடுத்தார். மழை, ஆட்டுக்குட்டி, தேங்காய் விலை எல்லாம் கதைத்து முடித்து, வைக்கிறன் என்று சொல்ல வாயெடுத்தவர் நின்றார்.

“அக்கா, போட்டு வாறன்.”

“ஓம், வா,” என்றார் அக்கா. “படலை திறந்துதான் கிடக்கு.”

அடுத்த நாள் நாலாவது தச்சர் வந்து, ஒருக்கால் பார்க்கட்டோ என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். கல்லை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தார், வருகிறவரின் காலில் இடிபடாமல்.