தொட்டி வாயில் நின்றவன்

சாரணர் படை என்று பள்ளிக்கூடத்தில் ஒன்று இருப்பதே எனக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் மகன் ராஜ்கமல் கழுத்தில் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் யார் யாருக்கோ மூட்டை தூக்கிக் கொடுக்கக் கிளம்பிவிடுவான். "வீட்டுக்கு ஒரு கொடம் தண்ணி எடுக்க ஒனக்கு வலிக்குதாடா?" என்று கத்துவேன். "எடுத்து வச்சுட்டேம்மா" என்பான். எடுத்தும் வைத்திருப்பான். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். என் வீட்டுக்காரர் பாண்டித்துரையும் என் தம்பி ராக்கையாவும் அவிநாசி ரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின்களை நிறுத்திவிட்டுத் தொட்டி கழுவினார்கள். நான் சோற்றுத்தூக்கோடு போனேன். படையிலிருந்து திரும்பிய மகன் சாரணர் உடுப்போடு வழியில் சேர்ந்துகொண்டான்.

கேட்டுக்குள் நுழையும்போதே தம்பி அலறிக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, மச்சான் தொட்டிக்குள்ள விழுந்துட்டாரு!"

சாயக் கழிவு தேங்கும் மூடிய தொட்டி அது. ஓர் ஆள் நுழைகிற வாய், ஓர் இரும்பு ஏணி. சேறு அள்ள இறங்கியவர் நாலாவது படியிலேயே கையை விட்டுவிட்டாராம். எட்டிப் பார்த்தேன். சேற்றில் சாய்ந்து கிடந்தார். கூப்பிட்டால் அசைவே இல்லை.

தம்பி கைலியை மடித்துக் கட்டினான். அதற்குள் ராஜ்கமல் ஓடிப்போய்த் தொட்டி வாயை மறித்து நின்றுவிட்டான்.

"எறங்காதீங்க மாமா. உள்ள வெசவாயு இருக்கும். நீங்களும் விழுந்துருவீங்க. கேம்புல சொல்லிக் குடுத்துருக்காக."

"உள்ள கெடக்கிறது ஒங்கப்பன்டா!"

கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். மறுபடி அறைந்தேன். தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

சூப்பர்வைசர் மயில்சாமியைப் பார்த்துக் கத்தினான். "சார், நூத்தியொண்ணுக்குப் போன் போடுங்க. மாஸ்க்கோட வரச் சொல்லுங்க. அந்தப் பெரிய ஃபேன இங்க கொண்டாங்க!"

வாளிக் கயிற்றில் வளையம் போட்டு உள்ளே இறக்கினான். "அப்பா, வளையத்தப் புடிங்கப்பா. கையத் தூக்குங்கப்பா." குரல் உடைந்து அழுகையாகிவிட்டது. ஃபேன் உள்ளே காற்றை அடித்துக்கொண்டிருந்தது. கயிறு லேசாகவே தொங்கியது. தம்பி இரண்டு முறை அவனைத் தள்ளப் பார்த்தான். இரண்டு முறையும் அவன் மாமன் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

பெற்ற பிள்ளையின் காலில் விழுந்தேன். "சாமி, வழி விடுடா. ஒன்னக் கும்புடுறேன்."

"மாட்டேம்மா."

இருபத்தைந்து நிமிஷம். தீயணைப்பு வண்டிக்காரர்கள் முகமூடி போட்டு இறங்கித் தூக்கினார்கள். பெரியாஸ்பத்திரியில் டாக்டர்கள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

தீயணைப்பு வண்டியோடு வந்த அதிகாரி என்னிடம் சொன்னார். "அவுரு விழுந்த ரெண்டு மூணு நிமிசத்துலயே முடிஞ்சிருக்குமுங்க அம்மிணி. பையன் மட்டும் தடுக்கலீன்னா உங்க தம்பியையும் பொணமாத்தான் எடுத்திருப்போமுங்க."

காதில் நன்றாகவே விழுந்தது.

பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். ராஜ்கமல் பக்கத்தில் வந்து நின்றான். உடுப்பெல்லாம் சேறு. கன்னத்தில் என் ஐந்து விரலும் தடித்திருந்தன.

"அம்மா, மாமாவ எறங்க விட்டுருந்தா அப்பா பொழச்சிருப்பாகளா?"

இல்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல ஒரு நொடி போதும். எதிரே என் தம்பி முழுசாக நின்றுகொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி சின்னத்தாய் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். கூடப் பிறந்தவன் உயிரோடு நிற்கிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"தெரியலடா" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, என்னை ஒட்டியே உட்கார்ந்தான்.