குத்துமதிப்பு

எங்கள் கணிதத்துறைத் தலைவர் நாறும்பூநாதன் சார் அச்சடித்துக் கொடுத்த நோட்ஸில் ஏழாவது கணக்கு இது: x+1 முதல் x+12 வரை பன்னிரண்டு அடைப்புகளையும் பெருக்கினால், வலப்பக்கத்து நீளமான கோவை வரும் என்று நிரூபி. பதினோரு வருஷமாகப் பிள்ளைகள் நிரூபித்து வருகிறார்கள். ஆளுக்குப் பதினான்கு பக்கம். இன்டர்னலில் பத்து மார்க்.

நான் பெருக்கவில்லை. குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வந்த பஸ் டிக்கெட்டின் கடைசி இரண்டு இலக்கம் 37. x இருந்த இடத்தில் அதைப் போட்டு, செல்போன் கால்குலேட்டரில் தட்டினேன். இடப்பக்கம் ஓர் எண், வலப்பக்கம் வேறோர் எண். வாங்கிய டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ‘சமம் இல்லை’ என்று ஒரு வரி எழுதி டிக்கெட்டை ஒட்டிவைத்தேன்.

சார் என் பக்கத்தில் உட்காரும் ஆஷிகாவின் நோட்டை மட்டும் புரட்டினார். “ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்” என்று மற்ற நோட்டுகளிலும் டிக் போட்டார். எல்லாமே அவளைப் பார்த்து எழுதியவை என்பதால் அந்த முறையில் பிழை சொல்ல முடியாது. என் நோட்டு மெலிந்திருந்ததால் மாட்டிக்கொண்டது.

“ஏலே குத்தாலிங்கம், என்னலே இது?”

“கணக்கு தப்பு சார்.”

“பஸ் டிக்கெட்ட வச்சு குத்துமதிப்பா சொல்லுதியோ? பேருலயே குத்து இருக்குல்லா.”

வகுப்பு சிரித்தது.

“சமம்னு சொல்லியிருந்தா குத்துமதிப்பு சார். ஒரு சோறு வெந்திருந்தா பானையும் வெந்திருக்கும்னு நம்பத்தான் செய்யணும். ஒரு சோறு அரிசியா கெடந்தா, பானை வேகலன்னு சத்தியமே பண்ணலாம்.”

“அப்படியா. நானும் ஒரு நம்பர் போடுதேன்.” போர்டில் x = 0 என்று எழுதினார். இரண்டு பக்கமும் 47,90,01,600. “பாத்தியா?”

“நாமளா பொறுக்கப்பிடாது சார், குலுக்கி எடுக்கணும். பூஜ்ஜியத்தப் போட்டா x உள்ள இடமெல்லாம் அழிஞ்சிரும். தப்பு அங்கனதான் ஒளிஞ்சிருக்கு. பெரிய கணக்குல, குலுக்காம வேகமா பாக்க உலகத்துல எவனுக்கும் இன்னும் பொதுவழி தெரியாது.”

“உலகம் கெடக்கட்டும். பதினாலு பக்கம் எழுதி, சமம்னு முடிச்சிட்டு வா. பத்து மார்க். இல்லன்னா அரியர்தான்.”

உட்கார்ந்ததும் ஆஷிகா தன் நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

“எழுதித் தொலையேம்ல. ஒம்பதாம் பக்கத்துல எனக்கும் இடிச்சுது. x⁵-க்கு முன்னால உள்ள எண் மட்டும் சேரல. சரிக்கட்டிட்டேன்.”

“மத்ததெல்லாம்?”

“சரியாத்தான் இருக்கு.”

மறுநாள் டிக்கெட்டில் 82. அதையும் போட்டுப் பார்த்தேன். முதல் வரிக்குக் கீழே ‘இன்றும் சமம் இல்லை’ என்று எழுதி, அந்த டிக்கெட்டையும் ஒட்டி, சார் மேஜையில் வைத்தேன். அவர் சிவப்பு மையில் பெரிதாக ஒரு பூஜ்ஜியம் போட்டுக் கொடுத்தார்.

அரியர் உறுதி. ஆனால் x⁵-இல் மட்டும் பிழை என்றால், அந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் சமமாகிற எண் ஒன்றே ஒன்றுதான். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, சார் அதற்குச் சரியான விடை எழுதியிருக்கிறார்.