மிஷின் எண்ணெய் விட்ட வாட்ச்

“எம் மவன முழுங்கவா பெத்துக் குடுத்திருக்கா ஒம்ம மவ? மூலமாம்லா, முதல் பாதமாம்லா! அப்பனத் தூக்கிரும்னு ஜோசியரே சொல்லிட்டாரு. இனி அந்தப் புள்ள எங்க வீட்டு நடை ஏறப்படாது அண்ணாச்சி.”

“பால் மணம் மாறாத பச்ச மண்ணு தங்கச்சி. அது யாரத் தூக்கப் போவுது?”

“ஒமக்கென்ன, சொல்லுவீரு. ரெண்டு ஆம்பளப் புள்ளைய வாரிக் குடுத்துட்டு இவன் ஒருத்தனத்தான் மிச்சம் வச்சிருக்கேன். ஒம்ம மவ வரட்டும். புள்ளைய நீரே வச்சு வளத்துக்கிடும்.”

கோவில்பட்டியில ஜோசியர் பூவனலிங்கம் வீட்டு வெளிச்சொவரோட ஒட்டித்தான் செல்லத்துரையோட வாட்ச் ரிப்பேர் பெட்டிக்கடை. உள்ள தும்முனாக் கூட வெளிய கேக்கும். சத்தம் போட்டது நாகலாபுரம் பெத்தம்மா. பதில் சொன்னவரு கடம்பூர் அழகிரிசாமி. அவரு மக சங்கரம்மாவத்தான் பெத்தம்மா மகனுக்குக் கட்டிக் குடுத்திருக்கு. அப்பா வீட்டுல தலப்பிரசவம், பொம்பளப்புள்ள. ஜாதகம் எழுத ரெண்டு வீட்டாரும் வந்திருந்தாவ.

செல்லத்துரை ஊர் வழக்குல தலையிடுத ஆளில்ல. ஆனா ஜோசியரு “நேரம் குறிச்சது யாரு?”ன்னு திருப்பிக் கேக்க, “நாந்தான். அழுக சத்தம் கேட்டதும் கையப் பாத்தேன், சாயங்காலம் நாலு இருவது”ன்னு அழகிரிசாமி சொன்னதும் கைவேலைய அப்பிடியே கீழ வச்சான். அந்த வாட்சுக்கு எண்ணெய் விட்டது அவன்தான்.

தீப்பெட்டியாபீசுல குச்சிய மருந்துல முக்கி முக்கி நெஞ்சு கெட்டுப்போயித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தான். சந்தையில ஓடாத வாட்ச வாங்கிப் பிரிச்சுப் பிரிச்சுத் தானாப் படிச்சது. வாட்சுக்குன்னே உள்ள எண்ணெய் மதுரையில கெடைக்கும், சுண்டுவிரல் தண்டி பாட்டில். வெலையக் கேட்டுட்டு வெறுங்கையோட வந்துட்டான். மொதல்ல தேங்கா எண்ணெய் விட்டுப் பாத்தான். மார்கழிப் பனிக்கு ஒறஞ்சு முள்ளு நின்னு போச்சு. கடலை எண்ணெய் விட்டான், பிசின் மாதிரி இழுத்துட்டு. கடைசியில டெய்லர் ராஜமணி, “என் மிஷினே ஓடுதுடே, ஒன் வாட்சு ஓடாதாக்கும்?”னு தையல் மிஷின் எண்ணெயக் குடுத்தாரு. தெளிஞ்ச தண்ணி கணக்கா இருந்துச்சு, ஒறையவும் இல்ல. செல்லத்துரைக்கு மனசு குளுந்து போச்சு. வந்த வாட்சுக்கெல்லாம் அதையே விட்டான், அதுவும் கொஞ்சம் தாராளமாவே. மழைக்கு ஏங்குத ஊர்க்காரனுக்கு ஈரம் கூட இருந்தா நல்லதுன்னுதான தோணும்?

அந்த எண்ணெய் விட்ட எடத்துல நிக்காதுன்னு பொறவுதான் தெரிஞ்சுது. ஊர்ந்து ஊர்ந்து, தலமுடி தண்டி இருக்கிற சுருள் ஸ்பிரிங்குல ஏறிரும். சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா வாட்ச் கிறுக்குப் புடிச்சாப்ல வேகமா ஓடும். அப்பிடி சில வாட்ச் திரும்பி வந்துச்சு. மத்ததையும் கேட்டு வாங்கிக் கழுவியிருக்கணும். பேரு கெட்டுரும்னு வாயத் தொறக்காம இருந்துட்டான்.

இப்ப இருக்க முடியல. உள்ள போனான்.

“அண்ணாச்சி, அந்த வாட்ச் சரியில்ல. நான் விட்ட எண்ணெய் சரியில்ல. அது முந்தி ஓடும்.”

ஜோசியரு நிமிந்தாரு. “முந்தி ஓடுச்சுன்னா, புள்ள அதுக்கு முன்னாலயே பொறந்திருக்கணும்லா? மூலம் தொடங்குனது நாலு பத்துக்கு. வாட்ச் கால் மணி முந்தியிருந்தாக்கூட அதுக்கு முந்துன நட்சத்திரம், கேட்டை. அப்பனுக்கு ஒரு பொல்லாப்பும் இல்ல.”

சுவரோரமா புள்ளைய மடியில போட்டிருந்த சங்கரம்மா அப்பத்தான் தலையத் தூக்குனா.

“சாட்சிக்கு ஆளு புடிச்சு வச்சிருக்கீரு!”ன்னா பெத்தம்மா. “ஏலே, எம்புட்டு முந்தும்? சொல்லு.”

அழகிரிசாமி வாட்சக் கழத்திக் குடுத்தாரு. செல்லத்துரை தொறந்து லென்சு வச்சுப் பாத்தான். சுருள் ஒட்டித்தான் கெடந்துச்சு. ஆனா கரிசக்காட்டுத் தூசி உள்ள போயி, எண்ணெயோட சேந்து, சக்கரம் சுத்துத குழியெல்லாம் கறுப்புக் களி. சுருள் முடுக்குது, களி புடிச்சு இழுக்குது. அன்னைக்கு எது ஜெயிச்சுதுன்னு யாரு கண்டா? பிந்தி ஓடியிருந்தா மூலம் மூலந்தான்.

“ரேடியோவோட ஒத்துப் பாப்பீயளா?”ன்னு கேட்டான்.

“செய்தி போடும்போது திருப்பி வச்சுக்கிடுவேம்பா. கூடுச்சா கொறஞ்சுச்சான்னு நான் எங்க கவனிச்சேன்?”

செல்லத்துரை புள்ளையப் பாத்தான். “கால் மணிக்குக் கொறையாம முந்தும்”னு சொல்லிட்டான்.

“அப்ப கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு”ன்னா பெத்தம்மா. இப்ப அவ கொரல்ல சூடு இல்ல. “நீ அணைச்சிட்டா நான் இப்பமே புள்ளையத் தூக்கிட்டுப் போயிருதேன். எனக்கு மட்டும் பேத்தி கசக்குதாக்கும்?”

ஜோசியரு வெத்தலையில கற்பூரத்த ஏத்தி வச்சாரு. பொய்ச் சத்தியம் பண்ணுனவனுக்குக் கண்ணு அவிஞ்சிரும்பாவ. அவனுக்குச் சோறு போடுதது அந்தக் கண்ணுதான்.

கைய நீட்டுனான்.

“அணைச்சிருங்க அண்ணாச்சி”ன்னா சங்கரம்மா, காத்து மாதிரி.

கை பாதியில நின்னு போச்சு. கண்ணுக்குப் பயந்தானா, தெரியாதத தெரியும்னு சொல்லக் கூசுனானா, அவனுக்கே புடிபடல. அப்பிடியே நிக்கையில கற்பூரம் தானா எரிஞ்சு தீந்துட்டு.

பெத்தம்மா முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சா. “பாத்தீரா அண்ணாச்சி”ன்னா. பஸ் ஸ்டாண்டப் பாத்து நடந்துட்டா.

சங்கரம்மா புள்ளைய விட்டுட்டுப் போவ மாட்டேன்னுட்டா. அவ புருசன் சிவனாண்டி கூப்பிட வரவே இல்ல. அடுத்த ஆவணியில அவனுக்கு வேற எடத்துல பொண்ணு எடுத்தாவ.

செல்லத்துரை பொண்டாட்டி கம்மல வித்து மதுரை எண்ணெய் வாங்குனான். அழகிரிசாமி வாட்சக் கழுவி, ஊசி முனையில தொட்டுத் தொட்டு வச்சு, கடம்பூருக்கே கொண்டு போயிக் குடுத்தான். ரேடியோவோட அச்சா ஒத்துப் போச்சு. அவரு வாங்கிப் பெட்டியில போட்டாரு, கையில கட்டல.

இதப் படிக்கிறவிய தயவுசெஞ்சு ஒரு வரி பதில் எழுதுங்க: அவன் எடத்துல நீங்க நின்னிருந்தா, அந்தக் கற்பூரத்த அணைச்சிருப்பீங்களா, மாட்டீங்களா?