ஏணியில் ஏறாத அண்ணன்

அண்ணன் ஐயாவுவின் சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேரை லீலாவதிக்கு யாரென்றே தெரியவில்லை. தொழிற்சாலைக் கூட்டாளிகள் சிலர் வருவார்கள், கோயில் கமிட்டி ஆட்கள் வருவார்கள், அக்கம்பக்கத்து வீட்டார் வருவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். ஆனால் செரண்டாவின் அந்தச் சின்னத் தாமான் குடியிருப்பில் காலையிலிருந்தே வெளியூர்க் கார்கள் வந்து நின்றன. இறங்கியதெல்லாம் இளவட்டங்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று கலந்து வந்தார்கள். எல்லாருக்கும் தோள் அகன்று, விரல்கள் தடித்திருந்தன. ஒவ்வொருவராகப் பெட்டிக்கு முன்னால் வந்து தலைகுனிந்து நின்றார்கள். ஒரு பெண்பிள்ளை விம்மி அழுதது.

அவர்களில் புவனேசன் என்றொரு பையன், வளையமாகச் சுற்றிய நீலக் கயிற்றைக் கொண்டுவந்து ஐயாவுவின் நெஞ்சின்மேல் வைத்தான்.

லீலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கயித்த எடு! எங்கண்ணன் என்னா தூக்கு மாட்டியா செத்தாரு? எடுயா மொதல்ல!"

பையன் வெலவெலத்துப் போனான். "சோரி ஆண்டி. இது எங்க மரியாதைலா. அங்கிள் எங்களுக்கு லெஜண்ட்."

"என்னா லெஜண்ட்?"

"பாறை ஏறுறதுல, ஆண்டி. ரவாங் குன்னு இருக்குல்ல, அதுல மொத மொதல்ல உச்சி வரைக்கும் ஏறுனவரு அங்கிள்தான். நாங்கள்லாம் பொறக்கறதுக்கு முன்னாடியே."

சாவு வீடு என்பதையும் மறந்து லீலாவதி சிரித்துவிட்டாள். "நீ வீடு மாறி வந்துட்ட தம்பி. எங்கண்ணன் ஏணியிலகூட கால் வெக்கமாட்டாரு."

அவள் சொன்னது பொய்யில்லை. அந்த வீட்டில் பல்பு மாற்றுவது அவள். கூரைத் தகரத்துக்கு ஆணி அடிப்பது அவள். சின்ன வயதில் ரம்புத்தான் மரத்தில் ஏறி அவள் உலுக்குவாள். அண்ணன் கீழே நின்று பொறுக்குவான். ஊர்ப் பையன்கள் கேலி செய்தபோது அவளும் சேர்ந்து பயந்தாங்கொள்ளி என்று சொல்லியிருக்கிறாள். கட்டியவன் விட்டுவிட்டுப் போனபின் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்து, கலியாணமே செய்துகொள்ளாத அவருக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு கிடந்த இத்தனை வருடங்களிலும் அந்தப் பட்டப்பெயரை அவள் விடவில்லை. அவரும் சிரித்துக்கொள்வாரே தவிர ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை.

அவர் ஏறாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். அப்பா சன்னாசி கோல சிலாங்கூர் பக்கம் தென்னந்தோட்டத்தில் கள் இறக்கியவர். மழை விட்ட ஒரு காலையில் மரம் வழுக்கி விழுந்து செத்தார். அப்பாவைப் பாயில் கிடத்தியபோது அம்மா மகனின் கையைப் பிடித்து இழுத்து, அவருடைய நெஞ்சின்மேல் வைத்து அழுத்தினாள். "எந்த மரத்துலயும் ஏறமாட்டேன்னு சொல்லு. சொல்லுடா!" ஐயாவு சொன்னான். அதன்பின் மாமனை நம்பி மூன்று பேரும் செரண்டாவுக்கு வந்துவிட்டார்கள்.

வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளருகில் வந்தார். கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ரஹ்மத் பாய். ஐயாவுவுடன் ஆரம்பப் பள்ளியில் படித்தவர். பெருநாளுக்குப் பிரியாணி கொடுத்தனுப்புவார் என்ற அளவில்தான் அவளுக்குப் பழக்கம்.

"பையன் சொல்றது நெசந்தான், தங்கச்சி. மரத்துல ஏறமாட்டேன்னுதான் ஒங்கம்மாகிட்ட சொன்னான். கடைசி வரைக்கும் எந்த மரத்துலயும் அவன் ஏறல."

லீலாவதி அன்று முழுவதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கருமாதி முடிந்து சொந்தங்கள் கலைந்தபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. பேச ஆளில்லாத வீட்டில் அவள் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பார்த்தாள். காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணன் போவார். எங்கே என்றால் "பந்து வெளையாட்டுப் பாக்க." மதியம் தாண்டி வருவார். அவள் மீன் குழம்பை மூடி வைத்திருப்பாள். எந்தக் குழு ஜெயித்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

சில வாரம் கழித்து ரஹ்மத் பாய் போன் செய்தார். பிள்ளைகள் ஐயாவு நினைவாக ஞாயிற்றுக்கிழமை பாறையடியில் கூடுகிறார்கள், வந்தால் காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வருகிறேன் என்று வந்துவிட்டது.

ரவாங் போகும் பஸ்ஸிலிருந்து எத்தனையோ தடவை பார்த்த குன்றுதான். பக்கத்தில் போய் அண்ணாந்தபோது அது வேறாக இருந்தது. செடிகொடிகளுக்கு மேலே சுண்ணாம்புச் சுவர் வெள்ளையும் கறுப்புமாக நிமிர்ந்து நின்றது. சாவு வீட்டில் அழுத பெண் கயிறு கட்டிக்கொண்டு அதில் பல்லிபோல ஒட்டி ஏறிக்கொண்டிருந்தாள்.

"அவ போறாளே, அந்தப் பாதைக்குப் பேரே ஐயாவுதான் ஆண்டி," என்றான் புவனேசன்.

ரஹ்மத் பாய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பழைய கதையைச் சொன்னார். சாமான் சுற்றி வந்த ஏதோ இங்கிலீஷ் பத்திரிகைத் தாளில் மலையேறுகிறவர்களின் படத்தை இருவரும் பார்த்தது. லோரிக்குத் தார்ப்பாய் கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து இடுப்பில் முடிந்துகொண்டது. பிறகுதான் கோலாலம்பூரிலிருந்து ஒரு கூட்டம் நல்ல கயிறுகளோடு வந்து சேர்ந்தது.

"உச்சிக்குப் போன அன்னைக்கு ரொம்ப நேரம் ஆளையே காணோம், தங்கச்சி. கீழ நின்னு கத்துறேன், சத்தமே இல்ல. எனக்கு உசுரே போச்சு. அப்பறம் மெதுவா எறங்கி வந்தான். என்னாடா பண்ணேன்னா, சும்மா ஒக்காந்திருந்தேங்கறான்."

"விழுந்திருக்காரா?"

"ஒருக்கா. நான் புடிச்சேன்." அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். கயிறு அறுத்த தழும்பு குறுக்கே வெளுத்துக் கிடந்தது. லீலாவதி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றின்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

பிள்ளைகள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வெறுங்காலோடு ஏறுவாராம். வயதாகி ஏறுவதை விட்டபின்னும் ஞாயிற்றுக்கிழமை வந்து இதே கல்லில் உட்கார்ந்து பார்ப்பாராம். பயம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாதாம். கடைசியில் புவனேசன் அவள் பக்கம் திரும்பினான். "ஆண்டி, நீங்க ஏதாச்சும் சொல்லுங்க. வீட்டுல அங்கிள் எப்படி?"

எல்லா முகமும் அவளைப் பார்த்தன. சிலர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"முருங்கக்கா சாம்பார்னா ரெண்டு தட்டு சாப்புடுவாரு," என்றாள்.

பிள்ளைகள் பிரியமாகச் சிரித்தார்கள். அவள் இன்னும் சொல்வாள் என்று காத்திருந்தார்கள். அவளிடம் அதற்குமேல் இல்லை. இத்தனை வருடம் ஒரே கூரையின்கீழ் பார்த்த மனிதனைப் பற்றி, அவனை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்தவர்கள் அதிகம் தெரிந்து வைத்திருந்தார்கள். இப்போது வீடு மாறி வந்தது தான்தானோ என்று அவளுக்குத் தோன்றியது.

திரும்பும்போது காரில் கேட்டாள். "பாய், என்னப் பத்தி ஏதும் சொல்லுவாரா அங்க?"

ரஹ்மத் பாய் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. "இல்லம்மா. பாறைக்கு வந்துட்டா வீட்டப் பத்தி வாயே தெறக்கமாட்டான். நானும் கேட்டதில்ல."

அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோட்டோரம் செம்பனை மரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

அந்த வாரம் புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கொமுட்டர் ரயிலேறி ரவாங்கில் இறங்கி, வாடகைக் கார் பிடித்துப் பாறையடிக்குப் போனாள். வேலை நாள். ஆளரவமில்லை. சில்வண்டுகள் மட்டும் இரைந்துகொண்டிருந்தன.

"அம்மா போயி எத்தன வருசமாச்சு?" என்று பாறையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "அதுக்கப்பறமாச்சும் என்கிட்ட சொல்றதுக்கு ஒனக்கு என்னா கேடு? நான் என்னா ஊரக் கூட்டவா போறேன்?" தொண்டை கட்டும்வரை திட்டினாள். குரங்கொன்று மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பிறகு செருப்பைக் கழற்றினாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. பஞ்சாபி உடுப்பின் காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டி, பாறையில் ஒரு பள்ளம் பார்த்து விரல்களை நுழைத்தாள். கல் ஜில்லென்றிருந்தது. கால் ஒரு விளிம்பைக் கண்டுபிடித்தது. மறு காலும் கண்டுபிடித்தது. ஓர் ஆள் உயரம்கூட ஏறியிருக்கமாட்டாள். முகம் பாறையை ஒட்டியிருக்க, ஈரச் சுண்ணாம்பின் வாசனை மூக்கில் ஏறியது. அடுத்த விரலை எங்கே வைப்பது என்பதைத் தவிர அந்தக் கணத்தில் அவள் மனத்தில் எதுவுமே இல்லை. வீடு இல்லை, வெறுமையான சமையற்கட்டு இல்லை, அண்ணன்கூட இல்லை.

கீழே பார்த்தபோதுதான் பயம் வந்தது. கால் வைத்து ஏறிய விளிம்பு கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. கூப்பிட்டாலும் வர யாருமில்லை. பெருவிரலால் பாறையைத் தடவித் தடவி இறங்கி, கடைசியில் வழுக்கிப் புல்லில் விழுந்தாள். உள்ளங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள், மூச்சு சீராகும் வரைக்கும், அதற்குப் பிறகும் வெகுநேரம்.

ரயிலடியில் நின்றபோது ரஹ்மத் பாய் போன் செய்தார்.

"இந்த ஞாயித்துக்கெழம பிள்ளைங்க ஒன்னய கேக்குதுங்க. வர்றியாம்மா?"

"எனக்கு என்னா வேல அங்க? நீங்க போங்க, பாய்."

"ரயில் சத்தம் கேக்குதே. எங்க இருக்க?"

"ரவாங் சந்தைக்கு வந்தேன். மீன் வாங்க."

அவர் சரியென்று வைத்துவிட்டார். ரயில் வந்தது. சன்னலோரம் இடம் கிடைத்தது. சிராய்த்து எரியும் கையை மடியில் மூடி வைத்துக்கொண்டு செரண்டா வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த புதன்கிழமையும் போனாள்.