பாலை மரத்தின் ஈரம்

எங்கள் பகுதியில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதென்றால் வீட்டையும் கொடுக்க வேண்டும். வீடு பெண்ணின் பேரில் இருக்கும், மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். கல்முனையில் ஒரு பேர்ச் அளவு துண்டுக் காணி வாங்கவும் எங்களுக்கு வக்கில்லை. அதனால் மகள் ஹிமாயாவுக்காக என் வீட்டுக்காரர் நளீம் பொத்துவிலுக்கு மேற்கே ஒரு பாறை மேட்டை வாங்கினார்.

அந்த மேட்டில் ஒரேயொரு பாலை மரம். சுற்றியிருந்த பற்றையெல்லாம் கருகிக் கிடக்க, அது மட்டும் கோடையிலும் பச்சையாக நின்றது. அடியில் ஊற்று இல்லாமலா மரம் இப்படி நிற்கிறது என்றவர், கிணற்றைப் பற்றி யோசிக்காமல் அதன் நிழலிலேயே வீட்டைக் கட்டி முடித்துவிட்டார். அந்த அவசரத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குழாய்க் கிணறு அடிக்க வந்த றிஸ்மி முற்றத்தில் துளைத்தான். கல்மாவுதான் பறந்தது. பின்வளவிலும் அதே கதி. மரத்தடியில் துளைக்கச் சொன்னார் இவர். வேர் அறுந்துபோகுமே என்று அவன் தயங்கினான்.

“மரத்துக்குக் கிடைக்கிற தண்ணி என்ட மகளுக்குக் கிடைக்காதா?” என்றார்.

துளைத்தார்கள். அறுந்த வேர்த்துண்டுகளோடு ஈரக்களி கொஞ்சம் மேலே வந்தது. அள்ளிப் பிழிந்து பார்த்தேன், ஒரு சொட்டும் விழவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடியில் ஊற்றே இல்லை. மாரி மழை பாறை வெடிப்புகளுக்குள் கசிந்து தங்கியிருக்கிறது. வேர் அந்த இடுக்கெல்லாம் புகுந்து ஈரத்தை நக்கிக் குடித்திருக்கிறது. கல்லில் நார் உரிக்க மரத்தால் முடியும். மனிதருக்கு வாளி நிறைய வேண்டுமே.

பெருநாளுக்கு முன்பே இலைகள் கொட்டிவிட்டன. நிழல் போனதும் தகரக் கூரை அடுப்பாகக் கொதித்தது. பவுசர் வண்டியில் வந்த குடிதண்ணீரை மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தார் நளீம். ஏச வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது, பெண்ணை எங்கள் வீட்டுக்கே அனுப்புங்கள் என்றார்கள். இவர் தலை நிமிராமல் சம்மதித்தார்.

கலியாணம் முடிந்து, ஹிமாயாவின் உடுப்புப் பெட்டியை வேனில் ஏற்றினோம். ஏறப்போனவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சண்டை வந்தா இனி ஊட்டை உட்டு வெளிய போறது நான்தானே, உம்மா?”