அஞ்சு மணி ஆட்டம்

மாரிக்கண்ணனுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலேகால் மணிக்கு. கரண்ட் இல்லை என்று அன்று விசைத்தறிக் கூடத்தில் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்ய, நகராட்சிப் பூங்காவில் உட்காரலாம் என்று வண்டியைத் திருப்பியதுதான் அவன் செய்த தப்பு. வாசலில் வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போதே உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது.

"மாப்ளே!"

ஆசாத்தின் குரல். இருபது வருசமாக அந்த 'மாப்ளே' மாரிக்கண்ணனுக்கு மட்டுமே சொந்தம். வாலிபாலில் அவன் லிப்டர். வலைக்குப் பக்கத்தில் நின்று, வருகிற பந்தை விரல் நுனியில் வாங்கி, அடிக்கிறவனுக்கு வாகாகத் தூக்கிக் கொடுப்பது அவன் வேலை. அடிக்கிறவன் ஆசாத். 'மாப்ளே' என்று சத்தம் வந்தால் பந்து எனக்கு என்று அர்த்தம்; மாரிக்கண்ணன் திரும்பியே பார்க்காமல் தூக்குவான், அது சொல்லிவைத்த மாதிரி ஆசாத்தின் கையில் போய் உட்காரும். ஆசாத் ஷார்ஜாவில் இருந்த அஞ்சு வருசமும் இவன் வேறு ஆட்களுக்குத் தூக்கிக் கொடுத்தான்தான். ஆனால் அவர்களில் ஒருத்தனையும் மாப்ளே என்று கூப்பிட விட்டதில்லை.

இப்போது அந்த மாப்ளே எவனுக்கு? எட்டிப் பார்த்தான். பல்கலைக்கழகப் பையன்களோடு ஆசாத் ஆடிக்கொண்டிருந்தான். வலையோரம் ஆறேகால் அடி உயரத்தில் ஒரு பயல், திருச்சுழிப் பக்கத்துக்காரன், பெயர் சோணைமுத்து. அவன் பந்தை உயரத் தூக்கவில்லை, சும்மா வலைக்கு மேலே விர்ரென்று தள்ளிவிட்டான். அது வரும் வேகத்திலேயே ஆசாத் எகிறி அடித்தான். தரையில் செம்மண் தெறித்தது. ஆசாத் ஓடிப்போய் அந்தப் பயலின் முதுகில் தட்டினான், சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு.

'என்கூட ஆடும்போது என்றைக்கு இப்படிச் சிரித்தான்?' என்று மாரிக்கண்ணன் நினைத்துப் பார்த்தான். சிரித்திருப்பான். ஆனால் அந்த நேரத்தில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில் புதுக் கட்டடத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள். அதனால் நகராட்சி அந்த அணிக்குப் பூங்காவில் மூன்றரையிலிருந்து அஞ்சு வரை நேரம் ஒதுக்கிக் கொடுத்தது. அஞ்சிலிருந்து இருட்டும்வரை ஊர்க்காரர்களுக்கு. ஆசாத்துக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே செருப்புக்கடை. மத்தியானத்துக்கு மேல் யாவாரம் மந்தம் என்பதால் மனைவி ஷஹீனாவைக் கடையில் உட்காரவைத்துவிட்டுச் சீக்கிரமே வந்துவிடுகிறான். பயிற்சிக்கு ஒரு ஆள் குறைகிறதே என்று பையன்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், இவன் போயிருக்கிறான். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கேட்டால் அவனே சொல்லியிருப்பான். ஆனால் கேட்பதற்கு மாரிக்கண்ணனின் ரோசம் இடம் கொடுக்க வேண்டுமே!

ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவனைப் பார்த்து அவன் மனைவி செல்வலட்சுமி கேட்டாள், "என்ன, மூஞ்சிய இப்பிடித் தூக்கி வச்சிருக்கீக?"

"அந்த ஆசாத்து, காலேஜிப் பயலுககூட ஆடுதான்."

"ஆடட்டுமே."

"அந்தப் பயல மாப்ளேங்கான்!"

செல்வலட்சுமி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன். அந்தண்ணன் ஒங்களத் தீத்துவிட்டுட்டு இன்னொன்னு கட்டிக்கிட்டாகளாக்கும்!"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அது குத்தவேண்டிய இடத்தில் சரியாகக் குத்தியது. தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோய்விட்டான்.

மறுநாளிலிருந்து மாரிக்கண்ணனின் கோமாளித்தனம் ஆரம்பமானது. அந்தத் தரையில் தண்ணீர் தெளிக்காமல் ஆட முடியாது, புழுதி கண்ணை அடைத்துவிடும். அதனால் அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ரப்பர் ஓஸைப் பிடித்துத் தரையை நனைப்பது வருசக்கணக்காக அவன் பார்த்துவந்த வேலை. இப்போது தறிக் கூடத்தில் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு நாலரைக்கே வந்து ஓஸைப் பிடித்தான். பையன்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய காலடியில் தண்ணீர்.

"அண்ணே, எங்களுக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கே," என்றான் சோணைமுத்து மரியாதையாக.

"தரை காயணும்ல? நீ ஆடு, ஒன்னய யாரு பிடிச்சா?"

"ஏலே, எதுக்குலே இப்பவே நனைக்கே?" என்று ஆசாத்தும் கேட்டான். மாரிக்கண்ணன் காதில் விழாதவன் மாதிரி ஓஸை அந்தப் பக்கம் திருப்பினான். மூன்றாம் நாள் ஒரு பையன் வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். அவர்களுடைய கோச் நேராக நகராட்சிக்குப் போனார். எங்கள் நேரம் எங்களுக்குக் கிடைப்பதில்லை, வெயிலும் தாங்கவில்லை, அஞ்சு மணி நேரத்தையே எங்களுக்குக் கொடுங்கள் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்.

வார்டு கவுன்சிலர் முருகலட்சுமி ரெண்டு பக்கத்தையும் பூங்காவிலேயே கூட்டினாள். ஊர்க்காரர்களுக்கும் ஓட்டு இருக்கிறது, பல்கலைக்கழகத்தையும் பகைக்க முடியாது. அவள் யோசித்து ஒரு வழி சொன்னாள். "ஞாயித்துக்கெழம காலையில ஒரு மேட்ச்சு ஆடுங்க. ஜெயிச்சவுகளுக்கு அஞ்சு மணி. தோத்தவுகளுக்கு மூணரை. அப்புறம் எங்கிட்ட யாரும் வரப்பிடாது."

தோற்றால் மூன்றரை என்றால் ஊர் அணிக்கு ஆட்டமே இல்லை என்றுதான் அர்த்தம். ஆறு பேரில் நாலு பேருக்கு வேலை விடுவதே நாலரைக்கு மேல். இது மாரிக்கண்ணனுக்கும் தெரியும். ஆனால் அவன் முதலில் பார்த்தது ஆசாத்தின் முகத்தை. ஆசாத் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை, "நம்ம டீமு ஆடும்க்கா" என்றான். அந்த 'நம்ம'வைக் கேட்டதும் மாரிக்கண்ணனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. அன்று ராத்திரி ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே பூங்காவில் கூட்டம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நடப்பதை விட்டுவிட்டு வலையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மூன்று செட்டில் ரெண்டை ஜெயிக்க வேண்டும். முதல் செட்டில் 'மாப்ளே' என்று கேட்டபோதெல்லாம் பந்து போனது. ஆசாத் ரெண்டு பந்தை வெளியே அடித்தாலும் மற்றதையெல்லாம் இடி மாதிரி இறக்கினான். இருபத்தஞ்சுக்கு இருபத்தொண்ணு. ஊர்க்காரர்கள் விசிலடித்தார்கள்.

இடைவேளையில் எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். மாரிக்கண்ணன் பாட்டிலை ஆசாத்திடம் நீட்டத் திரும்பினான். ஆசாத் அங்கே இல்லை. வலைக்கு அந்தப் பக்கம், சோணைமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்து, பந்தை எப்படி விடவேண்டும் என்று எதையோ செய்துகாட்டிக்கொண்டிருந்தான். ரெண்டு பேரும் சிரித்தார்கள். எதிராளிக்கு, அதுவும் ஆட்டத்துக்கு நடுவில்!

மாரிக்கண்ணன் அந்தத் தண்ணீரைத் தானே குடித்துத் தீர்த்தான். வயிறு குளிரவில்லை.

ரெண்டாவது செட்டில் அவன் ஆசாத்துக்குப் பந்தே கொடுக்கவில்லை. லிப்டரை யார் என்ன கேட்க முடியும்? யாருக்குத் தூக்குவது என்பது அவன் இஷ்டம். "மாப்ளே!" என்று இந்தப் பக்கம் குரல் வந்தால் பந்து மறு ஓரத்தில் நின்ற சோலைச்சாமிக்குப் போனது. சோலைச்சாமிக்கு நாற்பத்தெட்டு வயது, தொந்தி வேறு. நீ இல்லாமலும் எங்களால் முடியும் என்று காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் மாரிக்கண்ணனின் கணக்கு. அந்த செட்டு போனது. பதினஞ்சு புள்ளி வரைக்குமான மூன்றாவதில் அந்தப் பையன்களே நாலைந்து பந்தை வெளியே அடித்துத் தொலைத்ததால் பதிமூணுக்குப் பதிமூணு என்று வந்து நின்றது. பிறகு அவர்களுக்குப் பதினாலு. அடுத்த பந்து மாரிக்கண்ணனின் தலைக்கு மேல் பூ மாதிரி இறங்கியது. ஆசாத் ஏற்கெனவே எகிறிவிட்டான். அவனைத் தடுக்க எதிரில் ஒரு ஆள்கூட இல்லை.

"மாப்ளே!"

கெஞ்சுகிற குரல். மாரிக்கண்ணனின் விரலுக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரியும். ஆனாலும் சோலைச்சாமிக்குத்தான் தூக்கினான். சோலைச்சாமி அதை வலையிலேயே அடித்தார். ஆட்டம் போனது, அஞ்சு மணியும் போனது.

டீக்கடையில் சொந்த ஆட்களே மாரிக்கண்ணனைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். குறுக்கே புகுந்தவன் ஆசாத். "அவனத் திட்டாதீகப்பா. யாரு கையில தெம்பு இருக்குன்னு லிப்டருக்குத் தெரியாதா?" என்று அவர்களை அடக்கிவிட்டு, மாரிக்கண்ணனைத் தனியே அழைத்துப்போனான்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாத மாப்ளே. பர்ஸ்ட் செட்டுல ரெண்டு அவுட்டு அடிச்சேன்ல, அப்பவே ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு அடி செத்துப்போச்சு. எல்லாரு முன்னாடியும் நான் அசிங்கப்படக் கூடாதுன்னுதான நீ எனக்குக் குடுக்கல? காலேஜிப் பயலுக அண்ணே அண்ணேன்னு தூக்கிவிட்டதுல நான்தான் மெதந்துட்டேன். இருவது வருசமாப் பாத்தவன் நீ. நீயே குடுக்கலேன்னா சரிதான். நான் நிறுத்திக்கிறேன்."

இல்லைடா, பொறாமைடா என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? மாரிக்கண்ணன் வாயைத் திறந்தான். நாற்பத்திரண்டு வயதில் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்தது. "டீ ஆறுது, குடி" என்றான்.

திங்கட்கிழமை அஞ்சு மணிக்குப் பல்கலைக்கழகப் பையன்கள் ஆடினார்கள். மாரிக்கண்ணன் கம்பி வேலிக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தான். சோணைமுத்து ஓடிவந்து, "அண்ணே, ஆசாத் அண்ணன் வரலையா? அஞ்சு மணிக்கு நீங்களும் எங்ககூட சேந்து ஆடணும்னு கோச்சுகிட்ட கேட்டு வச்சிருக்கோம். அவரக் கூட்டிட்டு வாங்கண்ணே," என்றான்.

வண்டியை உதைத்தால் அஞ்சே நிமிசத்தில் செருப்புக்கடை.

"அவனுக்குத் தோளு போச்சு தம்பி," என்றான் மாரிக்கண்ணன். "இனிமே யாரு கூப்பிட்டாலும் ஆட மாட்டான்."

பையன் முகம் வாடித் திரும்பிப் போனான். அவன் போனதும், இத்தனை நாளாக எரிந்துகொண்டிருந்த வயிறு மாரிக்கண்ணனுக்கு ஜில்லென்று அடங்கியது. அப்படி அடங்கியதை உணர்ந்தபோதுதான் அவனுக்குத் தன்னை நினைத்துப் பயமாக இருந்தது.